கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் முதல் மாரி

என் மூத்தவள் பிறந்தது ஆவணியில். கார்த்திகை மழை பிடித்தபோது அவளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. முதல் நாள் மூக்கு ஒழுகியது, இரண்டாம் நாள் இருமல் தொடங்கியது. நான்காம் நாள் இரவு, பால் குடிக்க வாய் வைப்பாள், நாலு முறை உறிஞ்சுவாள், விட்டுவிடுவாள். மூச்சு வாங்கும். மறுபடி வாய் வைப்பாள். "தடிமன்தானே, விடிய மாறிடும்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம், நானும் சேர்த்துத்தான். விடிந்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தாள். நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் வீங்கிச் சளியால் அடைபட்டிருந்தன. டொக்டர்கள் அதைப் 'பிரொங்கியோலைற்றிஸ்' என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்த இரவில் ஒரு மணிக்கூட்டை வைத்து ஒரு நிமிடம் அவள் மூச்சை எண்ணியிருந்தால், நான் விடியும்வரை காத்திருந்திருக்க மாட்டேன்.

முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும், கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ சின்னப் பிள்ளையோடு இங்கே வந்து குடியேறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மாரிக்கு முன் ஆயத்தப்படுவதிலிருந்து தொடங்கி, பிள்ளைக்கு வருத்தம் வந்த இரவு செய்ய வேண்டியதுவரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த மாதங்களில் கவனம் வேண்டும்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ பிள்ளை வளர்த்தவர்களுக்குக் கணக்கு எளிது. அங்கே குளிரும் வறண்ட காற்றும் வரும்போது ஃபுளூவும் ஆர்.எஸ்.வி என்ற வைரஸும் வரும், வசந்தத்தோடு போய்விடும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். வெப்பமண்டல நாடுகளில் இந்த வைரஸ்கள் முழுதாக ஓய்வெடுப்பதில்லை. வருடம் முழுவதும் சிறிதாகப் புகைந்துகொண்டிருந்துவிட்டுப் பெரும்பாலும் மழையோடு மூளும். சிங்கப்பூரில் ஃபுளூ வருடத்துக்கு இரண்டு முறை ஏறும். இலங்கையிலும் அப்படித்தான்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று.

மழை வைரஸைக் கொண்டுவருவதில்லை, மனிதர்களை ஒரு கூரைக்குள் சேர்க்கிறது. யன்னலைப் பூட்டுகிறோம், ஓர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம், காயாத உடுப்பை உள்ளே கொடி கட்டிப் போடுகிறோம், முன்பள்ளிப் பிள்ளைகள் முற்றத்துக்குப் போகாமல் வகுப்பிலேயே விளையாடுகிறார்கள். ஒருவர் தும்மினால் அது அங்கேயே நிற்கிறது. ஈரக் காற்றில் எச்சில் துளிகள் கனத்து மேசையிலும் கதவுக் கைபிடியிலும் படிந்துவிடும், அதைத் தொட்ட கை பிள்ளையின் முகத்துக்குப் போகும் என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் வருடத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே நம் பெரிய பருவம் ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்லிப் பெரியவர்கள் பிள்ளையின் தலைக்குத் தொப்பி போடுவார்கள். போடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் பனியிலிருந்து வைரஸ் பிறப்பதில்லை. தொப்பி போட்டுவிடுகிற அதே ஆளுக்குத் தடிமன் இருந்தால் அந்தத் தொப்பியால் பயன் இல்லை.

அப்புறம் பலருக்குப் புரியாத ஒன்று. சித்திரை, வைகாசியில் நமக்கு வெயில் கொளுத்தும், மண் வெடித்துக் கிடக்கும். "மழையே இல்லை, ஏன் ஊரெல்லாம் இருமல்?" என்று கேட்போம். அந்த நேரத்தில் கொழும்பிலும் தெற்கிலும் மழை தொடங்கியிருக்கும். வருடப் பிறப்புக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் ஊருக்கு வருகிறவர்கள் பலகாரத்தோடு அங்கத்தைய வைரஸையும் கொண்டுவருவார்கள். வைரஸ் மனிதரோடு பயணம் செய்கிறது, அதற்கு நம் முற்றத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. வெளிநாட்டு விருந்தினர் விஷயமும் இதேதான். டிசம்பரில் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருகிறவர்கள் தங்கள் குளிர்காலத்தின் நடுவிலிருந்து வருகிறார்கள். ஜூன், ஜூலையில் அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்களும் அப்படியே, அங்கே அப்போதுதான் குளிர்காலம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சனமும் புழுதியும் சேரும். அங்கே போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையைத் தேரடிக்குத் தூக்கிப்போக வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

சாதாரணத் தடிமனைத் தருகிற ரைனோ வைரஸ் எந்த மாதமும் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் பிடிப்பது வழக்கமே. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வருடத்தில் அதற்கு மேலும் வரலாம். "என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று அழ வேண்டாம்.

புரட்டாசிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

பிள்ளை பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஆவணியிலோ புரட்டாசியிலோ பிறந்த குழந்தை, பெரிய பருவத்தின் உச்சத்தில் இரண்டு, மூன்று மாதப் பச்சைக் குழந்தையாக இருக்கும். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறையாவது ஆர்.எஸ்.வி வந்துவிடும், பெரும்பாலானோருக்கு அது வெறும் தடிமன்தான். முதல் ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் நெஞ்சுக்குள் இறங்கும் ஆபத்து அதிகம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளை என்றால், மழை தொடங்குமுன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை போய், "மூச்சு முட்டினால் நேரே எங்கே வர வேண்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். 2, 4, 6 மாதத்தில் போடுகிற ஊசி கக்குவான் இருமலையும் நெஞ்சைப் பிடிக்கும் ஒரு பக்டீரியாவையும் தடுக்கும். 9 மாதத்து ஊசி சின்னமுத்தைத் தடுக்கும். தவறியிருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அவர் நாள் குறித்துத் தருவார். ஃபுளூ ஊசி அரசாங்கத்தின் வழமையான பட்டியலில் இல்லை. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குப் போடலாம், முதல் தடவை என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பாதுகாப்பு உருவாக இரண்டு கிழமை எடுப்பதால் மழை தொடங்கிய பிறகு ஓடுவதில் அவ்வளவு பலன் இல்லை. கர்ப்பிணித் தாய் போட்டுக்கொண்டால் பிறக்கிற குழந்தைக்கும் முதல் மாதங்களில் காவல் கிடைக்கும். உங்கள் டொக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை அதிகம் இல்லை: ஒரு டிஜிட்டல் வெப்பமானி, மூக்கில் விடுகிற உப்புநீர்ச் சொட்டு, ஒரு போத்தல் பரசிட்டமோல் சிரப், அதன் அளவுச் சிரிஞ்ச், நொடி முள் உள்ள மணிக்கூடு. நுளம்புத்திரிக்குப் பதிலாக ஒரு நல்ல நுளம்பு வலை. திரியின் புகை சின்ன மூச்சுக்குழலுக்கு ஆகாது.

முப்பத்தோராம் நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் வீடுகளில் பெரிய சங்கடம். துடக்குக் கழிவுக்குச் சொந்தமெல்லாம் வரும், எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். மாரிகாலத்தில் அந்த நாள் வந்தால் சின்னதாக வையுங்கள். என் இளையவனுக்கு நாங்கள் செய்தது: வாசலில் கிணற்றுத் தண்ணீர் வாளியும் சவர்க்காரமும் வைத்தோம், அம்மம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, பிள்ளையின்ர கால்லை கொஞ்சுங்கோ, முகத்திலை வேண்டாம்" என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னார். அம்மம்மா சொன்னால் யார் கோபிக்கப்போகிறார்கள்? வீட்டிலுள்ள மூத்த பிள்ளையை மறக்க வேண்டாம். முன்பள்ளியிலிருந்து ஆர்.எஸ்.வியை வீட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்தான். வந்தவுடன் கை கழுவி, உடுப்பு மாற்றி, பிறகு தம்பியிடம் போகட்டும்.

மூச்சை எண்ணுவது எப்படி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். சுகமாக இருக்கும் நாளிலேயே பழகுங்கள். வருத்தம் வந்த இரவில் முதல் முறையாக எண்ணினால் கை நடுங்கும்.

பிள்ளை நித்திரையாக இருக்க வேண்டும், அல்லது அழாமல் அமைதியாக இருக்க வேண்டும். பால் குடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், வயிற்றின் அசைவு அப்போதுதான் தெளிவாகத் தெரியும். வயிறு ஒரு தடவை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. முழு 60 நொடியும் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், சின்னக் குழந்தைகள் கொஞ்ச நேரம் வேகமாகவும் கொஞ்ச நேரம் மெதுவாகவும் மூச்சு விடுவார்கள், கணக்குத் தப்பிவிடும். காய்ச்சல் கொதிக்கும்போதும் மூச்சு வேகமாகும், ஆகவே காய்ச்சல் இறங்கியதும் இன்னொரு தடவை எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. உலக சுகாதார நிறுவனம் உலகமெங்கும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற எண்கள் இவை. ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

எண்ணிக்கொண்டே நெஞ்சின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி வெளியே விரிய வேண்டும். விரியாமல் உள்ளே குழி விழுந்தால் பிள்ளை மூச்சுக்காகப் பாடுபடுகிறது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்குவதும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவதும், தலை ஆடுவதும் அதே செய்திதான். கைபேசியில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை அழுதுகொண்டிருக்கும், அந்த வீடியோ டொக்டருக்கு உதவும்.

"என்ன பிள்ளை, வயித்தைப் பாத்துக்கொண்டே இருக்கிறாய்?" என்று அம்மம்மா என்னைக் கேட்டார். எண்ணுவது எப்படி என்று காட்டினேன். இளையவனுக்குத் தடிமன் பிடித்த நாலாம் நாள் அவர் என்னை எழுப்பி, "நாப்பத்தெட்டு. நீயும் ஒருக்கா எண்ணு" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவர் மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எண்ணியிருந்தார்.

தடிமன் பிடித்த பிறகு வீட்டில்

மூக்கடைப்புத்தான் கைக்குழந்தைக்குப் பெரிய இடைஞ்சல், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பால் குடிக்க முடியாது. பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன், ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் உப்புநீர் இரண்டு சொட்டு விட்டு, இளகி வருவதைத் துடைத்துவிடுங்கள். பாலை வழக்கத்தைவிடக் குறைவாக, ஆனால் அடிக்கடி கொடுங்கள். தாய்க்குத் தடிமன் என்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம், நிறுத்தவே கூடாது. பிள்ளைக்கு மாஸ்க் வேண்டாம், இரண்டு வயதுக்குள் அது ஆபத்து.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அளவை வயதால் அல்ல, நிறையால் பாருங்கள்: ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மி.கி. பிள்ளை 8 கிலோ என்றால் 120 மி.கி. 5 மில்லி லீற்றரில் 120 மி.கி உள்ள சிரப் என்றால் சரியாக 5 மில்லி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. போத்தலின் லேபிளைக் கட்டாயம் வாசியுங்கள், அதே 5 மில்லியில் 250 மி.கி உள்ள போத்தலும் இருக்கிறது, சொட்டு மருந்து இன்னும் செறிவானது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

பரசிட்டமோல் 'மட்டும்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் டெங்கு. அதுவும் யாழ்ப்பாணத்தில் இதே மார்கழி, தையில்தான் ஏறும். ஐபுபுரோஃபன், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் போன்றவை டெங்குப் பிள்ளைக்கு இரத்தக் கசிவை மோசமாக்கும். மூக்கு ஒழுகி, இருமி, வீட்டில் எல்லாருக்கும் வரிசையாக வந்தால் பெரும்பாலும் தடிமன் வைரஸ்தான். மூக்கு ஒழுகாமல் காய்ச்சல் மட்டும் எரிந்தால் கூடுதல் கவனம். எப்படியானாலும் காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரமே ஆபத்து தொடங்குகிற நேரம், "காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது" என்றால் அசட்டையாக இருக்காதீர்கள். 2024 டிசம்பரில் இங்கே காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் இறந்தார்கள், பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. மாரிகாலக் காய்ச்சலுக்கு வீட்டிலேயே பெயர் வைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

இனிச் செய்யக் கூடாதவை. சாம்பிராணிப் புகை வேண்டாம். குளிக்க வார்த்தபின் தலைக்குப் புகை காட்டுவது நம் வழக்கம், அதன் பின்னால் இருக்கிற அன்பு எனக்குத் தெரியும், ஆனால் வீங்கின மூச்சுக்குழலுக்குள் புகை போனால் அது மேலும் சுருங்கும். கற்பூரமும் கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்குள் மூக்கருகிலோ நெஞ்சிலோ பூச வேண்டாம், கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். கொதிநீர் ஆவி வேண்டாம், சூட்டுக்காயம் பட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவவும் கூடாது. கொத்தமல்லித் தண்ணீர் பெரிய பிள்ளைக்குச் சரி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கடையில் வாங்குகிற இருமல் சிரப் இந்த வயதுக்கு உதவாது, தூங்கவைத்து மூச்சைக் குறைத்துவிடவும் கூடும்.

அன்ரிபயோட்டிக்கும் அப்படித்தான். என் மூத்தவளுக்கு ஆஸ்பத்திரி போகுமுன் ஒரு பார்மசியில் சீட்டு இல்லாமலேயே ஒரு போத்தல் தந்தார்கள், நானும் வாங்கி இரண்டு வேளை கொடுத்தேன். வைரஸை அது தொடாது. அவளுக்கு வயிற்றோட்டம்தான் வந்தது, ஏற்கெனவே பால் குடிக்காத பிள்ளைக்கு. பக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது என்று டொக்டர் பார்த்து எழுதினால் கொடுங்கள், முழுதாகக் கொடுங்கள்.

மழை அடித்தாலும் காற்றுக்கு எதிர்ப்பக்க யன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள்.

எப்போது கிளம்ப வேண்டும்

பிரொங்கியோலைற்றிஸ் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். இரண்டாம் நாள் டொக்டர் பார்த்து "பயமில்லை" என்று சொல்லியிருந்தாலும் நான்காம் நாள் மறுபடி எண்ணுங்கள். அவர் சொன்னது அன்றைக்குச் சரி.

மேலே சொன்ன எண்ணை எட்டிய அல்லது தாண்டிய மூச்சு, நெஞ்சில் குழி, வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காமை, 12 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. உதடோ நாக்கோ நீலமானால், மூச்சு நடுவில் நின்று நின்று வந்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தால், வலிப்பு வந்தால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு இல்லை. வீட்டு அடையாளத்தை முன்கூட்டியே யோசித்து வையுங்கள், "பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கை, நீலக் கேற்" என்பதுபோல. வெள்ளம் நிற்கிற ஒழுங்கை என்றால் வாகனம் எதுவரை வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போகும்போது கிளினிக் அட்டை, எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதிய தாள், அந்த வீடியோ.

அங்கே அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் ஒட்சிசனும் பாலோ சேலைனோதான். "மருந்தே தரவில்லை" என்று மனம் நோக வேண்டாம். இந்த வருத்தத்துக்கு அதுதான் சிகிச்சை. வீடு வந்த பிறகும் இருமல் இரண்டு, மூன்று கிழமை இருக்கும்.

ஒரு கொப்பி

கடைசியாக, ஒரு சாதாரணக் கொப்பி வாங்கிச் சுவரில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு தடவை தடிமன் வரும்போதும் திகதி, யாரிடமிருந்து வந்திருக்கும், எந்த நாள் மோசம், அதிகபட்ச மூச்சு எண்ணிக்கை, மழையா வெயிலா என்று நாலு வரி. அடுத்தமுறை டொக்டரிடம் போகும்போது அது கையில் இருக்கட்டும். மூன்றாவது, நாலாவது தடவையும் மூச்சில் இழுப்புச் சத்தம் கேட்டிருந்தால், ஆஸ்துமாவாக இருக்குமோ என்றும் அவர் யோசிப்பார்.

எங்கள் வீட்டுக் கொப்பியில் ஆறு மாரிகள் இருக்கின்றன. இளையவனின் முதல் மாரியில் மூன்று பதிவு. ஒன்றில் கார்த்திகை 12, அக்காவிடமிருந்து, நாலாம் நாள், 48, மழை என்று என் கையெழுத்து. அதன் கீழே அம்மம்மாவின் நடுங்குகிற எழுத்தில்: "விடிய 41. பால் குடிச்சவன்."